வேலையாளா, காண்டிராக்டரா?



ஒருவரை வேலைக்கு வைக்கும்போது அவருக்கு நாம் இரண்டு காரியங்களைக் கொடுக்கிறோம். ஒன்று கூலி, மற்றொன்று பெயர். கூலி போதுமா போதாதா என்று எல்லாரும் பேசுவார்கள். பெயரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. "இவர் என் கடை வேலையாள்" என்பதும், "இவர் எனக்குக் காண்டிராக்டில் செய்து கொடுக்கிறவர்" என்பதும் கேட்பவர் காதுக்கு வெறும் வார்த்தை வித்தியாசம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் வைத்தியச் செலவும், முதுமைக் காலத்துச் சோறும் அடங்கியிருக்கக்கூடும். இந்தக் காரியத்தை வக்கீல்களுக்கும் கணக்கப்பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டு நாம் நிம்மதியாயிருக்கலாமா? அல்லது நம்முடைய மனச்சாட்சிக்கும் இதில் ஏதாவது வேலை உண்டா? இதைச் சற்று நிதானமாக யோசிப்போம்.

இருவருக்கும் உள்ள பேதம்

வீட்டில் குழாய் ஒழுகுகிறது. குழாய் ரிப்பேர் செய்கிறவரை அழைக்கிறோம். அவர் தம்முடைய சாமான்களோடு வருகிறார். பார்த்துவிட்டு, இவ்வளவு ஆகும் என்று தாமே விலை சொல்கிறார். வேலையை எப்படிச் செய்வது என்று நாம் அவருக்குச் சொல்வதில்லை, சொல்லவும் நமக்குத் தெரியாது. முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். சீக்கிரம் முடித்தால் லாபம் அவருக்கு. எதையாவது உடைத்துவிட்டால் நஷ்டமும் அவருக்கே. அவர் தமக்குத் தாமே எசமான். அவரைக் காண்டிராக்டர் என்பது உண்மையான பெயர்.

இனி, ஒரு தையற் கடைக்குப் போவோம். தையற்காரர் ஒருவர் தினமும் காலையில் அங்கே வந்து உட்காருகிறார். மெஷின் கடைக்காரருடையது. துணி, அளவு, மாதிரி எல்லாம் கடைக்காரர் கொடுப்பவை. சரியாகத் தைக்காவிட்டால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்கிறார். சட்டைக்கு இவ்வளவு என்று உருப்படிக் கணக்கில் கூலி. "மாதச் சம்பளம் இல்லையே, ஆகையால் இவர் காண்டிராக்டர்" என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மையாகுமா? ஏறக்குறைய இப்படிப்பட்ட ஒரு வழக்கு செகந்திராபாத்திலிருந்து நம் நாட்டின் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தையற்காரர்கள் நாள் முழுவதும் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம்கூட அங்கே இருக்கவில்லை. ஆயினும், கடையும் மெஷினும் முதலாளியுடையவை, தையல் சரியில்லை என்று தள்ளும் உரிமையும் அவருடையது என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, அவர்கள் வேலையாட்களே என்று 1973-ல் தீர்ப்பாயிற்று.

பெயர் மாறுவதால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் ஓர் இடத்தில் மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வேலையாள் என்றால், அவருடைய பிராவிடண்டு பண்டுக்கு முதலாளி பொதுவாக நூற்றுக்கு 12 வீதம், அதாவது 1,440 ரூபாய் கட்ட வேண்டும். ஈ.எஸ்.ஐ. வைத்திய வசதிக்கு நூற்றுக்கு 3.25 வீதம், அதாவது 390 ரூபாய். இரண்டும் மாதத்துக்கு 1,830 ரூபாய். சம்பளம் ஒரு காசுகூட உயரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், பத்து ஆண்டில் இது 2,19,600 ரூபாய். வேலையை விட்டுப் போகும்போது ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் சம்பள வீதம் கிராஜுவிட்டி ஏறக்குறைய 69,000 ரூபாய். ஆக மொத்தம் 2,88,000 ரூபாய்க்குமேல்.

அதே ஆளை, அதே வேலையில், அதே நாற்காலியில் உட்கார வைத்து, "காண்டிராக்டர்" என்று ஏட்டில் எழுதிவிட்டால் இத்தனை ரூபாயும் அவரிடம் போய்ச் சேராது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. சுவரில் கன்னம் வைக்கவில்லை. ஒரு வார்த்தையை மாற்றி எழுதியதோடு சரி. பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற எட்டாம் கற்பனையும், களவு செய்யாதே என்கிற ஏழாம் கற்பனையும் ஒன்றையொன்று சந்திக்கிற இடம் இது.

உப்பளத்து வழக்கு

பெயர் எது, உண்மை எது என்று கண்டுபிடிப்பது எப்போதும் சுலபமல்ல. இதற்கு நம் நாட்டிலே நடந்த ஒரு பழைய வழக்கைச் சொல்லலாம். சௌராஷ்டிரத்தில், கட்ச் ரண் என்னும் உவர் நிலத்தில், ஒரு கம்பெனி உப்பு எடுத்து வந்தது. உப்பு விளைவிப்போரை அங்கே அகரியாக்கள் என்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 400 அடி நீளமும் 300 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தி நிலம். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் வருவார்கள். ஆரம்பச் செலவுக்கென்று 400 ரூபாய் கொடுக்கப்படும். நிலத்தைச் சமப்படுத்திக் கிணறு தோண்டி, உவர்நீர் இறைத்து, காய வைத்து, உப்பு எடுத்துக் கொடுப்பார்கள். மணங்குக்கு ஐந்தணா ஆறு பை கூலி. ஜூன் மாதம் மழை வந்ததும் சொந்த ஊருக்குப் போய் விவசாயம் செய்வார்கள்.

இவர்களுடைய வேலை நிலைமை பற்றித் தகராறு எழுந்தபோது கம்பெனி என்ன சொல்லிற்று? "இவர்கள் எங்கள் தொழிலாளிகளே அல்ல, சுதந்திரமான காண்டிராக்டர்கள்" என்றது. அதற்கு ஆதாரமும் காட்டிற்று. வேலை நேரம் என்று ஒன்று இல்லை. ஆஜர்ப் பட்டியல் இல்லை. லீவு விதிகள் இல்லை. அவர்கள் மனைவி மக்களோடு வேலை செய்கிறார்கள். வேண்டுமானால் வேறு ஆள் வைத்துக்கொண்டு தாங்களே கூலி கொடுக்கிறார்கள். இவையெல்லாம் பொய்யல்ல, உண்மையே. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால், கம்பெனி சொல்வதே நியாயம் என்று தோன்றும்.

ஆனால் படத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கிணற்று நீரின் காரத்தைக் கம்பெனியின் உப்பு சூப்பரிண்டெண்டு சோதிப்பார். பாத்தி சரியாக அமைந்ததா என்று சோதிப்பார். உப்பு பூக்கத் தொடங்கியதும் மறுபடி சோதித்து, அவர் சரி என்ற பிறகே வாரத் தொடங்கலாம். கிடங்குக்கு வந்தபின் இன்னொரு சோதனை. அதில் தேறாத உப்புக்குக் கூலி இல்லை. அந்தத் தள்ளுபடி உப்பையாவது எடுத்துப்போய் விற்கலாமா என்றால், கூடாது, அதுவும் கம்பெனியைச் சேர்ந்தது. வருஷக் கடைசியில் கணக்குத் தீர்க்கும்போது, வாங்கிய முன்பணமும், கம்பெனியின் தானியக் கடையில் வாங்கிய பற்றும் கழிக்கப்பட்டு மீதியே கைக்கு வரும்.

தன் உப்பைத் தானே விற்க முடியாதவன் எப்படிச் சுதந்திர வியாபாரி ஆவான்? 1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அகரியாக்கள் தொழிலாளிகளே என்று முடிவு கூறியது. வேலையின் ஒவ்வொரு படியிலும் கம்பெனியின் மேற்பார்வை இருக்கிறது. உருப்படிக் கூலி வாங்குவதால் ஒருவன் தொழிலாளி அல்லாமல் போவதில்லை. தானே கை வைத்து உழைக்கிறவன், துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டதனால் காண்டிராக்டர் ஆகிவிடுவதுமில்லை என்பன அத்தீர்ப்பின் சாரம்.

எதைக் கொண்டு அறிவது?

இந்த வழக்குகளிலிருந்து சாதாரண ஜனங்களாகிய நாமும் சில கேள்விகளைக் கற்றுக்கொள்ளலாம். என்ன வேலை என்பதோடு, எப்படிச் செய்வது என்றும் கட்டளையிடுகிறவர் யார்? இடமும் கருவியும் யாருடையவை? விலையை நிச்சயிப்பது யார்? லாப நஷ்டம் யாரைச் சேரும்? அவருக்கு வேறு வாடிக்கைக்காரர்கள் உண்டா, அல்லது நம்மை நம்பியே அவர் அடுப்பு எரிகிறதா? அவர் செய்வது எப்போதோ வந்து போகும் வேலையா, அல்லது நம் தொழிலின் நடு வேலையேதானா? இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு செய்யக்கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் உண்மை தானே தெரிந்துவிடும்.

இத்தனை கேள்விகளுக்கும் அடியில் ஒரே ஒரு நியாயம்தான் இருக்கிறது. ஆணையிடுகிற அதிகாரமும், பாரம் சுமக்கிற கடமையும் ஒன்றாகவே போக வேண்டும். காண்டிராக்டரை நான் ஆள்வதில்லை. ஆகையால் அவர் பாரத்தை அவரே சுமக்கிறார், அது நியாயம். வேலையாளை நான் ஆள்கிறேன். ஆகையால் அவர் நோயிலும் விபத்திலும் முதுமையிலும் எனக்கும் பங்கு உண்டு, அதுவும் நியாயம். ஆள்வது மட்டும் நான், பாரம் மட்டும் அவன் என்று இரண்டையும் பிரித்துக்கொள்வதே அநியாயம். பொய்யான பெயர் செய்வது அதைத்தான். காண்டிராக்டருக்குள்ள சுதந்திரமும் இல்லாமல், வேலையாளுக்குள்ள பாதுகாப்பும் இல்லாமல் ஒரு மனிதனை நடுத்தெருவில் நிறுத்திவிடுகிறது.

வேதாகமத்தில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. லாபானிடம் யாக்கோபு இருபது வருஷம் வேலை செய்தார். ஆரம்பத்தில் லாபான் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறான்! உறவினன் என்பதற்காகச் சும்மா வேலை செய்யலாமா, கூலி கேள் என்கிறான். பிறகு நடந்தது என்ன? பேசிய கூலியைப் பத்துமுறை மாற்றினான். பகல் வெயிலும் இரவுக் குளிரும் யாக்கோபுக்கு. காட்டு மிருகம் பீறிய ஆட்டின் நஷ்டமும், திருட்டுப் போன ஆட்டின் நஷ்டமும் அவர் தலைமேல். மந்தை பெருகிய லாபமோ லாபானுக்கு. பிற்காலத்தில் மோயீசன் வழியாய் வந்த சட்டம், மிருகம் பீறிக் கொன்றதற்கு அத்தாட்சி காட்டினால் மேய்ப்பவன் ஈடு செய்ய வேண்டியதில்லை என்று விதித்தது. தன் வசத்தில் இல்லாத நஷ்டத்தைக் கூலியாளின் தலையில் கட்டக்கூடாது என்பது அவ்வளவு பழமையான நீதி.

சில ஆட்சேபங்கள்

"அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாரே" என்று சிலர் சொல்வார்கள். இது பெரிய ஆட்சேபம், லேசாய்த் தள்ளிவிடக்கூடாது. மனிதன் சுயாதீனமுள்ளவன், அவன் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்று பாருங்கள். காகிதத்தை எழுதியவர் முதலாளி. வேலை வேண்டுமானால் போடு, வேண்டாமானால் போ. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ம் ஆண்டு எழுதிய தொழிலாளர் நிருபத்தில் இதையே எடுத்துப் பேசுகிறார். இருவர் மனமொத்துப் பேசிய உடன்படிக்கைக்கும் மேலாக ஒரு நீதி உண்டு என்றும், வறுமையின் நெருக்கடியால் ஒருவன் கடினமான நிபந்தனைக்கு இணங்கினால் அவன் பலாத்காரத்துக்கு இரையானவன் என்றும் அவர் போதித்தார். தவிரவும், உண்மை என்பது கையெழுத்தால் மாறுகிற பொருளல்ல. இருவர் சேர்ந்து கையெழுத்திட்டாலும் கழுதை குதிரையாகாது.

"அவர்களுக்கே சுதந்திரம்தான் பிடிக்கிறது. இஷ்டப்பட்ட நேரத்தில் வருவார்கள், போவார்கள்" என்பது இரண்டாவது ஆட்சேபம். கைப்பேசிச் செயலியைப் பார்த்து வாடகைக் கார் ஓட்டுகிறவர்களையும், வீட்டு வாசலில் உணவுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கும் இளைஞர்களையும் பற்றி இப்படித்தான் சொல்லப்படுகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. படிப்புக்கு இடையில் சில மணி நேரம் உழைக்க விரும்பும் பிள்ளைக்கு இந்த வசதி பெரிது. ஆனால் எப்போது தொடங்குவது என்பது மட்டும் ஒருவன் கையில் இருந்து, தொடங்கிய பிறகு உள்ளது எல்லாம் பிறர் கையில் இருந்தால் அதை முழுச் சுதந்திரம் என்பதற்கில்லை. இங்கிலாந்தில் ஊபர் கம்பெனியின் கார் ஓட்டுநர்கள் வழக்கில், 2021 பிப்ரவரியில் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் இதையே ஆராய்ந்தது. கட்டணத்தைக் கம்பெனி நிச்சயிக்கிறது. ஒப்பந்த ஷரத்துக்களை அதுவே எழுதுகிறது. சவாரியை அடிக்கடி மறுத்தால் தண்டிக்கிறது. பயணி தரும் மதிப்பெண்ணைக் கொண்டு ஓட்டுநரை வைக்கிறது அல்லது நீக்குகிறது. ஆகையால் அவர்கள் குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கும் உரிமையுள்ள உழைப்பாளிகளே என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டுச் சட்டம் வேறொரு வழியைப் பிடித்திருக்கிறது. 2020-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி வழி உழைப்போரை வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர்கள் என்று வைத்து, ஆயினும் அவர்களுக்கென்று ஒரு நிதி வேண்டும் என்கிறது. கம்பெனிகள் தங்கள் வருஷ வியாபாரத்தில் நூற்றுக்கு 1 முதல் 2 வீதம், அவ்வுழைப்பாளிகளுக்குக் கொடுக்கும் தொகையில் நூற்றுக்கு 5-க்கு மேற்படாமல், அந்நிதிக்குச் செலுத்த வேண்டும். இது போதுமா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் எப்பெயர் இட்டாலும் ஆள்கிறவர் கொஞ்சமாவது பாரம் சுமக்க வேண்டும் என்கிற நியாயத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டதைக் கவனியுங்கள்.

மூன்றாவது ஆட்சேபம் சிறு முதலாளிகளுடையது. "பக்கத்துக் கடைக்காரன் இப்படித்தான் செய்கிறான். நான் மட்டும் எல்லாம் கட்டினால் கடையை மூட வேண்டியதுதான்." இதைக் கேட்டு நகைப்பவர் கடை நடத்தி அறியாதவர். நேர்மையாய்க் கட்டுகிறவர் சந்தையில் நஷ்டப்படுகிறார் என்பது மெய். ஆனால் அதிலிருந்தே தெரிகிறது, பொய்ப் பெயர் வைப்பவர் தம் வேலையாளை மட்டும் வஞ்சிக்கவில்லை, நேர்மையான கடைக்காரரையும் வஞ்சிக்கிறார் என்று. மேலும், விலை குறைவு என்று ஓடுகிற நாமும் அதில் பங்காளிகளே. 2-ம் அருளப்பர் சின்னப்பர் பாப்பானவர் 1981-ல் உழைப்பைப் பற்றி எழுதிய நிருபத்தில், நேர் முதலாளி ஒருவர் உண்டு, மறைமுக முதலாளியும் உண்டு என்று காட்டினார். சட்டங்களையும் சந்தை நிலைமையையும் உருவாக்குகிறவர்கள் எல்லாருக்கும் தொழிலாளியின் கதியில் பொறுப்பு உண்டு என்பது அதன் கருத்து. அதை நம் அளவில் பொருத்திப் பார்த்தால், சட்டைக்குக் கூலி இருபது ரூபாய் ஏறியதென்று கடை மாறுகிறவருக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

நாலாவதாக, "என் ஆட்கள் அல்ல, மேஸ்திரி கொண்டுவந்த ஆட்கள்" என்று நழுவுவதும் உண்டு. கோழிக்கோட்டில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலையில், இடையில் காண்டிராக்டர்களை நிறுத்திவிட்டு, வேலை செய்தவர்கள் எனக்குச் சொந்தமல்ல என்றார் முதலாளி. அவர்கள் வேலை செய்தது அவருடைய ஆலையில், அவருடைய தொழிலுக்காக. 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திரையை விலக்கிப் பார்த்து, உண்மை முதலாளி இவரே என்றது. மனிதர் ஏற்படுத்திய நீதிமன்றமே திரையை விலக்கிப் பார்க்குமானால், உள்ளங்களை அறிகிற சர்வேசுரனுக்கு எந்தத் திரை மறைக்கும்?

நம்முடைய வீட்டிலும் பங்கிலும்

தொழிற்சாலை நமக்கு இல்லையே என்று யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். பத்து வருஷமாய்த் தினமும் நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளுக்கு நாம் சொல்லும் நேரம், நாம் சொல்லும் முறை. சட்டம் அந்த அம்மாளுக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்னே, நம் கட்டளையின்கீழ் அவர் வாழ்கிறார் என்பதை ஒப்புக்கொள்வோம். அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் கூலியைப் பிடிக்கலாமா? வயதாகி நின்றுபோகும்போது வெறுங்கையோடு அனுப்பலாமா? கோயிலில் மணியடித்து விளக்கேற்றுகிறவர், பங்கு பங்களாவில் சமையல் செய்கிறவர், பள்ளிக்கூடம் பெருக்குகிறவர் ஆகியோரைப் பற்றியும் இதே கேள்விகள் எழ வேண்டும். "கோயில் ஊழியம், அது புண்ணியம்" என்று சொல்லிக் கணக்கை மூடிவிடுவதும் ஒரு பொய்ப் பெயரே. லாபானும் உறவு கொண்டாடித்தான் தொடங்கினான்.

உண்மையான காண்டிராக்டருக்கும் நம்மிடம் நியாயம் கிடைக்க வேண்டும். மொத்தமாய்ப் பேசி வேலை எடுத்த ஆசாரியையோ கொத்தனாரையோ நம் வேலையாளைப் போல அதட்டுவது முறையல்ல. பேசிய விலையை வேலை முடிந்தபின் குறைப்பதும், பாக்கிப் பணத்துக்கு வாரக்கணக்காய் நடக்க வைப்பதும் அநியாயமே.

ஆகவே, பிரியமான குடும்பத்தார்களே, இந்த வாரச் சம்பளம் கொடுக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்களிடம் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் நினைத்து, "இவருக்கு நான் கட்டளையிடுகிறேனா? இவருடைய பாரத்தில் எனக்கு என்ன பங்கு?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் விவரம் தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள். பெயர் பொய்யாயிருந்தால் திருத்துங்கள். கடந்த காலத்தில் பிடித்து வைத்தது ஏதாவது இருந்தால், மனஸ்தாபம் மட்டும் போதாது என்பது ஞானோபதேசம் படித்த எல்லாருக்கும் தெரியும். எடுத்ததைத் திரும்பக் கொடுத்தால்தான் ஏழாம் கற்பனையின் கடன் தீரும். ஒரேயடியாய் முடியாவிட்டால் சிறுகச் சிறுகவாவது கொடுங்கள்.

நீங்களே வேலை செய்கிறவராயிருந்தால், கையெழுத்துப் போடும் முன் காகிதத்தைப் படியுங்கள், அல்லது படித்த பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் உரிமையைக் கேட்பது பேராசையல்ல. அறுவடை செய்தவர்களிடமிருந்து பிடித்து வைத்த கூலி வானத்தை நோக்கிக் கூப்பிடுகிறது என்று அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தில் எழுதியிருக்கிறார். ஏட்டில் எந்தப் பெயரை எழுதி அதை மூடினாலும், அந்தக் கூப்பிடுதல் நிற்காது.